சின்ன வகுப்பில் கணக்கு: நாங்கள் பிந்திக் கற்றுக்கொண்டவை

(நூற்றாண்டு விழாவின் கல்வி அமர்வில், ஆரம்பப் பிரிவில் படிப்பித்து ஓய்வுபெற்ற பழைய மாணவிகள் நால்வர் சேர்ந்து எழுதி வாசித்த உரை)



நூற்றாண்டு விழா என்றால் பெரிய விடயங்களைப் பேசுவதுதான் வழக்கம். கல்லூரியின் வரலாற்றைப் பேச இங்கே அறிஞர்கள் இருக்கிறார்கள். வைத்தியர்களாகவும் பொறியியலாளர்களாகவும் உயர்ந்த எமது மாணவிகளைப் பற்றிப் பேசவும் ஆட்கள் இருக்கிறார்கள். எங்கள் நால்வருக்கும் நன்றாகத் தெரிந்த விடயங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, பத்தைத் தாண்டும் கூட்டல். மற்றது, பின்னம். எங்கள் சேவைக்காலத்தின் பெரும்பகுதி இந்த இரண்டோடுதான் போனது. அதைப் பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டபோது முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தோம். இங்கே இருக்கும் வைத்தியரும் பொறியியலாளரும் ஒரு நாள் தரம் இரண்டில் இருந்து, ஏழும் ஐந்தும் எத்தனை என்று விரல் மடித்தவர்கள்தானே!

நாங்கள் நால்வரும் இந்த மண்டபத்தில் வாய்ப்பாடு பாடம் சொன்னவர்கள். ஆசிரியர் கலாசாலையால் வெளியேறி, வாவியின் இரு பக்கத்திலும் படிப்பித்தோம். எழுவான்கரையிலும் இருந்தோம், படுவான்கரையிலும் இருந்தோம். இன்றைக்கு நாங்கள் சொல்லப்போவதில் பெருமை கொஞ்சம்தான். நாங்கள் விட்ட பிழைகளே கூட. அவற்றைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

முந்நூற்றுப் பன்னிரண்டு

1980களின் தொடக்கம். எங்களில் ஒருவருக்கு முதல் நியமனம் படுவான்கரையில் கிடைத்தது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை. 27ஐயும் 15ஐயும் கூட்டச் சொன்னால், அவளது கொப்பியில் 312 என்று இருக்கும். 38ஐயும் 14ஐயும் கூட்டினால் 412. ஒரு நாள் அல்ல, ஒவ்வொரு நாளும் இப்படித்தான். சிவப்புப் பேனையால் வெட்டினோம். கரும்பலகையில் திரும்பத் திரும்பச் செய்து காட்டினோம். ‘இரண்டைப் போடு, ஒன்றைக் கொண்டுபோ’ என்று வகுப்பு முழுக்கப் பாட்டாகச் சொல்ல வைத்தோம். அவளும் எல்லாரோடும் சேர்ந்து பாடுவாள். பிறகு 312 என்றே எழுதுவாள். கடைசியில் அடிமட்டத்தால் விரல் மொழியில் அடியும் விழுந்தது. ‘உனக்குக் கணக்கு ஓடாது’ என்ற சொல்லும் விழுந்தது. அந்தச் சொல்லைச் சொன்னது நாங்கள்தான்.

அந்தப் பிள்ளையிடம் நாங்கள் ஒரே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. ‘இந்த விடை உனக்கு எப்படி வந்தது?’ என்பதே அது.

2002இன் போர்நிறுத்தக் காலத்தில் அதே ஆசிரியை இடமாற்றம் பெற்று மறுபடி அந்தப் பக்கம் போனார். மண்முனைத்துறையில் அப்போது பாலம் இல்லை. பாலம் வந்தது 2014இல். அதுவரை பாதையில் ஏறித்தான் அக்கரை போகவேண்டும். ஒரு நாள் காலை துறையடியில் முட்டைக் கூடையோடு நின்ற பெண்ணொருத்தி, ‘ரீச்சர், என்னைத் தெரியுதா?’ என்று கேட்டாள். அவளேதான். பேசிக்கொண்டே மூன்று பேருக்கு முட்டை விற்றாள். ஒருவருக்குப் பதினைந்து, ஒருவருக்கு எட்டு, மற்றவருக்கு ஒரு டசின். காசை வாங்கி, மிச்சத்தைக் கொடுத்து, கூடையில் எத்தனை முட்டை இருக்கிறது என்று எண்ணாமலே சொன்னாள். கணக்கில் இவ்வளவு கெட்டிக்காரியாக இருக்கிறாயே என்று சொன்னதற்கு அவள் சிரித்தாள். ‘எனக்குக் கணக்கு ஓடாது ரீச்சர். நீங்கதானே சொன்னீங்க’ என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. உண்மை என்று நம்பிச் சொன்னாள். இருபது வருடமாக அவள் அதை நம்பியே இருந்திருக்கிறாள். ஐந்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்தியதற்கும் அதையே காரணமாகச் சொன்னாள்.

அவளுடைய மகள் அந்த வருடம் எங்கள் தரம் மூன்று வகுப்பில் இருந்தாள். இரண்டாம் தவணையில் ஒரு நாள் அவளது கொப்பியிலும் 312 வந்தது. இந்த முறை அடிமட்டத்தை எடுக்கவில்லை. கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக் கேட்டோம்.

‘அம்மாட கூடையில இருபத்தேழு முட்டை இருக்கு. இன்னும் பதினைஞ்சு வாங்கி வெச்சா எத்தின?’

‘நாப்பத்திரெண்டு, ரீச்சர்.’

‘அப்ப கொப்பியில முந்நூத்திப் பன்னிரெண்டு எண்டு எழுதியிருக்கிறியே?’

‘அது முட்டைக் கணக்கு ரீச்சர். இது கொப்பிக் கணக்கு.’

எங்கள் சேவைக்காலத்தில் நாங்கள் படித்த பெரிய பாடம் இந்த ஒரு வரிதான். அந்தப் பிள்ளையிடம் இரண்டு கணக்குகள் இருந்தன. ஒன்று வீட்டுக்கணக்கு, அது சரியாக வந்தது. மற்றது பாடசாலைக் கணக்கு, அதற்கும் முட்டைக்கும் அவளுக்குத் தொடர்பே தெரியவில்லை. இரண்டுக்கும் இடையில் பாலம் போடுவதற்குத்தான் அரசாங்கம் எங்களுக்குச் சம்பளம் தந்தது.

பிழை எங்கே இருந்தது?

312 என்ற விடையைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ஏழும் ஐந்தும் பன்னிரண்டு. அது சரி. இரண்டு பத்தும் ஒரு பத்தும் மூன்று பத்து. அதுவும் சரி. மூன்று பத்தும் பன்னிரண்டு ஒன்றும் சேர்ந்தால் நாற்பத்திரண்டேதான். ஆகவே பிள்ளையின் கூட்டலில் பிழை இல்லை. ஒன்றினிடத்தில் ஒரு இலக்கத்துக்குத்தான் இடம் உண்டு என்பதுதான் அவளுக்குத் தெரியாது. அங்கே பன்னிரண்டைக் குடிவைத்ததால், மூன்று பத்து தள்ளுப்பட்டு நூறினிடத்துக்குப் போய்விட்டது. ஒன்றை மேலே போடச் சொன்ன நாங்கள், அந்த ஒன்று என்னவென்று சொல்லவில்லை. அது ஒன்று அல்ல, பத்து. அதைச் சொல்லாமல் எத்தனை தரம் பாடினாலும் அது வெறும் பாட்டுத்தான்.

எங்கள் பாட்டன்மார் எழுதிய தமிழ் எண்களில் இந்தச் சிக்கல் இல்லை. பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள் இருந்தன. பத்து எங்கே நின்றாலும் பத்துத்தான். இன்று நாம் எழுதும் முறையில் இலக்கத்தின் பெறுமானத்தை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. இடப்பெறுமானம் என்று நாம் சொல்வது இதைத்தான். பெரியவர்களுக்கு இது பழகிப்போனது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய புதினம்.

நல்ல காலமாக, எண்களின் பெயர்களில் தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. பதினொன்று என்ற சொல்லுக்குள்ளே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. நாற்பத்திரண்டு என்றால் நான்கு பத்தும் இரண்டும் என்று சொல்லே சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் உள்ள பெயர்களில் பத்து வெளிப்படையாகத் தெரியாது. ஆனால் ஓர் இடத்தில் நம் மொழி பிள்ளைகளைத் தடுக்கி விழுத்தும். எண்பத்தொன்பதுக்குப் பிறகு தொண்ணூறு வருகிறது. சொல்லுக்குள்ளே ‘நூறு’ ஒலிக்கிறது, ஆனால் அது ஒன்பது பத்து. அந்த இடத்தில் பிள்ளை திகைத்தால் அது பிள்ளையின் மந்தம் அல்ல. ‘ஒன்பது பத்து, அதற்குப் பெயர் தொண்ணூறு’ என்று ஒரு கிழமை சொல்லிக்கொண்டு எண்ண வைத்தால் போதும்.

துறையும் தோணியும்

முட்டைக் கணக்குக்கும் கொப்பிக் கணக்குக்கும் பாலம் போட, வாவியிலிருந்தே ஒரு விளையாட்டை எடுத்தோம். வகுப்பறைத் தரையில் வெண்கட்டியால் ஒரு கோடு. கோட்டின் வலது பக்கம் துறை, இடது பக்கம் தண்ணீர். புளியங்கொட்டைகள்தான் ஆட்கள். சிரட்டைகள்தான் தோணிகள். சட்டம் ஒன்றே ஒன்று. பத்துப் பேர் சேர்ந்தால் தோணி புறப்படும். ஒன்பது பேருக்குப் புறப்படாது. பத்துப் பேர் சேர்ந்தபின் ஒருவரும் துறையில் நிற்கவும் கூடாது.

இப்போது 27 என்றால் தண்ணீரில் இரண்டு தோணி, துறையில் ஏழு பேர். இன்னும் 15 வருகிறது. ஒரு தோணியும் ஐந்து பேரும். துறையில் எத்தனை பேர்? பன்னிரண்டு. ‘தோணி போகலாம் ரீச்சர்!’ என்று பிள்ளைகளே கத்துவார்கள். பத்துப் பேரை ஏற்றி ஒரு சிரட்டையைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளுவார்கள். தண்ணீரில் நான்கு தோணி, துறையில் இரண்டு பேர். நாற்பத்திரண்டு.

இதை ஒரு கிழமைக்குக் குறையாமல் கொப்பி தொடாமல் செய்தோம். அடுத்த கிழமை தோணியையும் துறையையும் படமாகக் கீறினார்கள். மூன்றாம் கிழமைதான் இலக்கமாக எழுதினார்கள். அப்போது பத்தினிடத்தின் மேலே ஒன்றைப் போடும்போது, ‘இது என்ன?’ என்று கேட்டால், ‘இப்பப் புறப்பட்ட தோணி’ என்பார்கள். எங்களுக்கு அதுவே போதும்.

பொருளால் செய்வது, படத்தால் காட்டுவது, பிறகு குறியீட்டால் எழுதுவது என்ற இந்த வரிசை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் 1960களில் இதை எழுதினார். சிங்கப்பூர் தன் ஆரம்பக் கணிதத்தை இதன்மேல்தான் கட்டியது. அதற்கு முன்பே மரியா மொண்டிசோரி அம்மையார் தனி மணி, பத்து மணி கோத்த கம்பி, நூறு மணிச் சதுரம், ஆயிரம் மணிக் கனசதுரம் என்று பொன்மணிகளைச் செய்து வைத்திருந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பல வருடம் இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். எங்கள் நாட்டில் 1999 முதல் எங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தமும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றையும் சேர்த்தே செய்யச் சொன்னது. பொன்மணி வாங்க எங்களிடம் காசு இருக்கவில்லை. புளியங்கொட்டை இருந்தது. பத்துப் பத்தாக நூலால் கட்டிய ஈர்க்கும் இருந்தது.

பெற்றோர் கூட்டமொன்றில் பிள்ளைகளைக் கொண்டு இந்த விளையாட்டைச் செய்து காட்டினோம். முட்டைக்காரத் தாயும் பின்வரிசையில் நின்றாள். முடிந்ததும் கிட்ட வந்து, ‘இதத்தான் நான் ஒவ்வொரு நாளும் செய்யிறன் ரீச்சர்’ என்றாள். ஓம், அதுதான் கணக்கு என்று சொன்னோம். இருபது வருடம் பிந்திச் சொன்னோம்.

எப்போது திருப்பிக் கொடுப்பது?

கூட்டல் சரிவந்தால் கழித்தலும் அதே பாதையில் திரும்பி வரும். 42இலிருந்து 15ஐ எடுக்கவேண்டும். துறையில் இரண்டு பேர்தான். ஐந்து பேரை எப்படி அனுப்புவது? ஒரு தோணியைக் கரைக்குக் கொண்டுவா. பத்துப் பேர் இறங்குகிறார்கள். இப்போது துறையில் பன்னிரண்டு. ஐந்து போனால் ஏழு. மூன்று தோணியில் ஒன்று போனால் இரண்டு. இருபத்தேழு.

எங்கள் காலத்தில் இதற்குக் ‘கடன் வாங்குதல்’ என்று சொல்லிக்கொடுத்தோம். ‘பக்கத்து வீட்டில் ஒன்றைக் கடன் வாங்கு’ என்போம். ஒரு பையன் எழும்பி, ‘எப்ப ரீச்சர் திருப்பிக் குடுக்கிற?’ என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டுக்குக் கிழமை தவறாமல் கடன்காரர் வந்து போவது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நுண்கடன் எங்கள் கிராமத்துத் தாய்மாரை எப்படி வாட்டியது என்று இங்கிருக்கும் பலருக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் கடன் என்பது விளையாட்டுச் சொல் அல்ல.

அவன் கேட்டது கணக்கிலும் சரியான கேள்விதான். கடன் என்றால் திருப்பிக் கொடுக்கவேண்டும். இங்கே யாரும் எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. நடப்பது கடன் அல்ல. ஒரு பத்துக் கட்டை அவிழ்த்துப் பத்து ஒன்றாக்குகிறோம், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்தச் சொல்லை விட்டுவிட்டோம். ‘கட்டை அவிழ்’ என்றோம். கூட்டலில் கட்டுவது, கழித்தலில் அவிழ்ப்பது. பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கியது.

பெரிய பாதி, சின்னப் பாதி

இனிப் பின்னத்துக்கு வருவோம். பாடசாலைக்கு வருமுன்பே எல்லாப் பிள்ளைக்கும் பாதி தெரியும். ஆனால் அந்தப் பாதியில் பெரிய பாதி, சின்னப் பாதி என்று இரண்டு வகை இருக்கும். ‘பெரிய பாதி எனக்கு’ என்று அண்ணன் பிடுங்குவான். ஆகவே முதல் பாடம் எழுத்தில் அல்ல. இரண்டும் ஒரே அளவு என்றால்தான் பாதி. இதற்குப் பழைய முறை ஒன்று இருக்கிறது. ஒருவர் வெட்டவேண்டும், மற்றவர் முதலில் எடுக்கவேண்டும். வெட்டுகிற கை எவ்வளவு கவனமாக நடுவைத் தேடுகிறது என்று பாருங்கள்! நாங்கள் பாணிலும் பனங்கட்டியிலும் இதைச் செய்தோம்.

பாண் எங்களுக்குப் பெரிய உதவி. ஒரு றாத்தல் பாண், அரை றாத்தல், கால் றாத்தல் என்று கடைக்குப் போய் வாங்கும் பிள்ளைக்குப் பின்னம் புதிதல்ல. 1872இல் இலங்கை ரூபாயும் சதமும் வந்ததிலிருந்து இருபத்தைந்து சதம் கால் ரூபாய், ஐம்பது சதம் அரை ரூபாய். எங்கள் தலைமுறை சில்லறையிலேயே பின்னம் படித்தது. இன்றைய பிள்ளை சதத்தைக் கையால் தொடுவதில்லை. அதனால் பாணும் அரிசிச் சுண்டும் தயிர்ச்சட்டியும் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகின்றன.

பின்னத்திலும் தமிழ் ஒரு பக்கம் துணை, ஒரு பக்கம் தடை. முக்கால் என்ற சொல்லுக்குள் மூன்று கால் இருக்கிறது. அரைக்கால் என்றால் காலில் அரை, அதாவது எட்டில் ஒன்று. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்குவது ஒரே சொல்லில் முடிந்துவிட்டது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனனம் செய்த பிள்ளைகள் இதற்கும் கீழே போனார்கள். இருபதில் ஒன்று மா. மாவில் கால் காணி, அது எண்பதில் ஒன்று. காணியில் கால் முந்திரி, அது முந்நூற்றிருபதில் ஒன்று. ஐந்து மா சேர்ந்தால் கால். எங்கள் வகுப்பில் இதை மனனம் செய்யச் சொல்லவில்லை. இவ்வளவு நுட்பமாக எண்ணிய மொழி உங்களுடையது என்று மட்டும் சொன்னோம். கணக்கு வெளியிலிருந்து வந்த பாடம் என்ற பயம் கொஞ்சம் தெளிந்தது.

தடை எங்கே என்றால், எழுதும்போது. 3/4ஐ நாம் ‘நான்கில் மூன்று’ என்று வாசிக்கிறோம். காதில் முதலில் விழுவது நான்கு. பிள்ளை மேலேயிருந்து எழுதத் தொடங்குகிறது. ஆகவே நான்கை மேலே எழுதி மூன்றைக் கீழே எழுதுகிறது. பல வருடம் இதைக் கவனக்குறைவு என்று வெட்டினோம். அது கவனக்குறைவு அல்ல. கேட்ட வரிசையில் எழுதிய நல்ல பிள்ளை அது. பிறகு எழுதும் வரிசையை மாற்றினோம். முதலில் கோட்டைப் போடு. ‘நான்கில்’ என்றதும் கோட்டுக்குக் கீழே நான்கு. ‘மூன்று’ என்றதும் மேலே மூன்று. பகுதியை முதலில் எழுதுவது, தொகுதியைப் பிறகு எழுதுவது. ஒரு கிழமையில் தலைகீழ்ப் பின்னங்கள் மறைந்தன.

இன்னொரு இடறல், மூன்று இரண்டைவிடப் பெரியது, ஆகவே மூன்றில் ஒன்று இரண்டில் ஒன்றைவிடப் பெரியது என்ற எண்ணம். இதை வாயால் வெல்ல முடியாது. ஒரே அளவான இரண்டு பாணை எடுத்து, ஒன்றை இரண்டு பேருக்கும் மற்றதை மூன்று பேருக்கும் பகிரவேண்டும். எந்தப் பக்கத்தில் இருக்க விருப்பம் என்று கேட்டால் போதும்.

கூட்டலும் பின்னமும் ஒன்றே

அரையும் காலும் எத்தனை என்று கேட்டால், மேலோடு மேலையும் கீழோடு கீழையும் கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. நாங்கள் பாணைக் காட்டிக் கேட்போம். அரை றாத்தல் வாங்கினாய். போதாதென்று இன்னும் கால் றாத்தல் வாங்கினாய். ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று. அது அரையைவிடக் குறைவு. கூடுதலாக வாங்கப் பாண் குறைந்துவிட்டதா? பிள்ளை யோசிக்கும். அந்த யோசனைக்கு நேரம் கொடுக்கவேண்டும்.

பிறகு அரையை இரண்டாக வெட்டிக் காட்டுவோம். அரை என்பது இரண்டு கால். இரண்டு காலும் ஒரு காலும் மூன்று கால், முக்கால். பெரிய வகுப்பில் இதைச் சமவலுப் பின்னம் என்பார்கள். சின்ன வகுப்பில் இதுவும் தோணிக் கணக்குத்தான். ஒரே இனமாக்கியபின்தான் எண்ணலாம். தோணியைத் தோணியோடு, ஆளை ஆளோடு, காலைக் காலோடு. பத்து ஒன்றை ஒரு பத்தாக்குவதும், ஓர் அரையை இரண்டு காலாக்குவதும் அளவைக் கூட்டுவதில்லை, குறைப்பதும் இல்லை. உருவம் மட்டும் மாறுகிறது. இதைப் பிடித்துக்கொண்ட பிள்ளைக்குப் பிற்காலத்தில் அட்சரகணிதம் வரும்போது பயம் இருக்காது.

இந்த வாவிக்கரையில் பின்னத்தைக் காதாலும் கேட்கலாம். காரைதீவில் 1892இல் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகி, பிறகு துறவியான சுவாமி விபுலானந்தர் பழந்தமிழ் யாழைப் பற்றிப் பல வருடம் ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியில் கணக்குக்குப் பெரிய பங்கு உண்டு. நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள விகிதங்கள் பின்னங்கள்தாம். நாங்கள் ஒரு பலகையில் இரண்டு ஆணி அடித்து, மீன்பிடிக்கும் தங்கூசி நூலை இறுக்கிக் கட்டினோம். முழுவதையும் தட்டு, பிறகு நடுவில் அமத்திப் பாதியைத் தட்டு. அதே சுரம் ஒரு தாயி மேலே கேட்கும். மூன்றில் இரண்டில் அமத்தினால் ச, ப ஆகும். பின்னம் என்றால் வெட்டிய துண்டு மட்டும் அல்ல, நீளத்தில் ஓர் இடமும்தான் என்று பிள்ளைகள் அன்று கண்டார்கள்.

ஒரு பாண்

ஒரு நாளைப் பற்றிச் சொல்லாமல் விட எங்களால் முடியவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்ததை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அடுத்த மாதம் கூடாரத்தில் வகுப்பு நடத்தினோம். கொப்பி இல்லை, கரும்பலகை இல்லை. நிவாரணமாக வந்த பாண் இருந்தது. ‘உங்கட வீட்டில எத்தின பேரோ அத்தின சமபங்கா வெட்டுங்க’ என்றோம். ஒரு பிள்ளை நான்காக வெட்டினாள். அவள் வீட்டில் இப்போது மூன்று பேர் என்று எங்களுக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

நாங்கள் திருத்தவில்லை. பங்குகள் சமமா என்று மட்டும் பார்த்தோம். சமமாக இருந்தன. ‘ஒரு பங்குக்குப் பெயர் என்ன?’ என்று கேட்டோம். ‘நாலில ஒண்டு’ என்றாள். சரி என்று சொன்னோம். அந்தப் பங்கை அவள் துணியில் சுற்றிக் கொண்டுபோனாள். எதைத் திருத்தவேண்டும், எதைத் திருத்தக்கூடாது என்பதும் ஆசிரியத் தொழிலில் ஒரு கணக்கு. அது எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.

தோழிகளே

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் கொழும்பிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகிறவர்களிடம் எங்களுக்கு மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் பேரப்பிள்ளைகளோடு சமையலறையில் கால், அரை, முக்கால், அரைக்கால் என்று தமிழில் பேசுங்கள். இடியப்ப மாவுக்கு ஒன்றரைச் சுண்டு, பாலுக்கு முக்கால் கோப்பை என்று அளக்கும் பிள்ளைக்கு மொழியும் கணக்கும் சேர்ந்தே வரும்.

இரண்டாவது, ஊரில் உங்கள் சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு ஏழு வயதிலேயே புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள் கட்டுகளை வாங்கிக் கொடுக்கக் காசு அனுப்பாதீர்கள். வேகம் பிறகு வரும். விளக்கம் முதலில் வரவேண்டும். ஒரு கணக்கை ஒன்பது தரம் செய்வதைவிட, ஒரு கணக்கை ஏன் அப்படிச் செய்தோம் என்று ஒரு தரம் சொல்லுவது நல்லது.

மூன்றாவது, சங்கம் பாடசாலைக்குக் கட்டடம் கட்டித் தந்திருக்கிறது, கணினி தந்திருக்கிறது. அதற்கு நன்றி. ஆனால் வாவிக்கு அந்தப் பக்கம் இன்னும் பல சின்னப் பாடசாலைகளில் கணக்கில் பின்தங்கிய பிள்ளையின் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருக்க ஒரு ஆள் தேவை. இங்கே ஓய்வுபெற்ற நாங்கள் பலர் இருக்கிறோம். போக்குவரத்துக்கும் பகல் சாப்பாட்டுக்கும் ஒழுங்கு செய்தால் கிழமையில் இரண்டு நாள் போய்வருவோம். நாங்கள் நால்வரும் பெயர் கொடுத்துவிட்டோம். புளியங்கொட்டையும் சிரட்டையும் நாங்களே கொண்டுவருவோம்.

அந்தப் பிள்ளைகளிடம் நாங்கள் முதலில் கேட்கப்போவது விடையை அல்ல. ‘உனக்கு இது எப்படி வந்தது, சொல்லு பாப்பம்’ என்பதையே கேட்போம். எங்கள் சேவையின் முதல் பாதியில் கேட்கத் தவறிய கேள்வி அது. முட்டைக் கூடையோடு துறையில் நின்ற ஒருத்திக்கு அந்தக் கடன் இன்னும் எங்களிடம் இருக்கிறது. இது உண்மையான கடன். திருப்பிக் கொடுக்கவேண்டியது.